வேலியோரத்துச் சந்தனமும் நந்திமலை தைல மரமும்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சந்தன மரத்தை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வேலியோரத்தில், கள்ளிக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவில், யாரும் நடாமலே அது முளைத்து நிற்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவன் நான். கந்தம், ஸ்ரீகந்தம், சந்தனம் என்று ஒரே மரத்துக்கு மூன்று பெயர் சொல்லிப் பழகினோம். என் வயதுக்காரர்கள் பலர் அதன் பழத்தைத் தின்றிருப்பார்கள். கறுத்த ஊதா நிறம், கோலிக்குண்டைவிடச் சிறியது, லேசான இனிப்பு. தின்றால் வாயும் சட்டையும் மைக்கூட்டில் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் தின்றது கொஞ்சம். குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் தின்றதுதான் அதிகம். பழத்தை விழுங்கிவிட்டு, பறந்து போய் வேறொரு வேலியில் உட்கார்ந்து கொட்டையை எச்சத்தோடு போடும். இப்படித்தான் இந்த மேட்டு நிலம் முழுக்கச் சந்தனம் பரவியது. கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேலே, மழை மிதமாகப் பெய்கிற இடம் அதற்குப் பிடிக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான மண் வேறு வேண்டுமா?

ஆனால் எங்கள் நாயனா வேலியில் சந்தனக் கன்றைக் கண்டால் பிடுங்கிப் போட்டுவிடுவார். இரண்டு விரல் உயரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், வளர்ந்துவிட்டால் பிடுங்கினதும் குற்றமாகிவிடும் என்பார். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள். தங்கத்தைவிட விலை போகும் என்று எல்லோரும் சொல்கிற மரத்தை, தன் நிலத்தில் தானாக முளைத்ததை, ஒரு விவசாயி ஏன் பிடுங்கிப் போட வேண்டும்? இந்தக் கேள்வி என்னை வெகுகாலம் விடவில்லை. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை திப்புவிடமிருந்து தொடங்குகிறது. 1792ல் சந்தனத்தை அரச மரமாக அவர் அறிவித்தார். (பிள்ளையார் உட்காரும் அரச மரம் இல்லை, அரசனுக்கே உரிய மரம்.) எவர் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்காருக்குச் சொந்தம். அதே 1792 மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலை அவர் கம்பெனிக்காரர்களிடம் இழந்தார். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய மேட்டுப் பகுதி மட்டும் 1799 வரை அவரிடம் இருந்தது. ஆக, அந்தச் சட்டத்தின் கீழ் ஏழு வருஷம் நம் வேலிகளும் இருந்திருக்கின்றன.

திப்பு போனார், சட்டம் போகவில்லை. மைசூர் சமஸ்தானம் அதை வைத்துக்கொண்டது, பிறகு கர்நாடக அரசும் வைத்துக்கொண்டது. தன் நிலத்தில் நிற்கும் சந்தனம் அரசாங்கத்தினுடையது, ஆனால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு நிலத்துக்காரனுடையது. திருடன் வெட்டிக்கொண்டு போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் விதிகள் வேறு மாதிரி. ஆனாலும் பட்டா நிலமாக இருந்தாலும் வெட்ட அனுமதி, வைத்திருக்க அனுமதி, எடுத்துச் செல்ல அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். நாயனாவுக்கு இரண்டு பக்கத்துச் சட்டமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சந்தனம் இருந்தால் வம்பு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் காவல் காத்தது கட்டையை மட்டும்தான். சந்தனத்தில் மணக்கிற வைரம் உருவாகவே 10, 15 வருஷம் ஆகும், நன்றாக முற்ற 30 வருஷம் வேண்டும். விதை அப்படியல்ல. மூன்று நான்கு வயதிலேயே காய்க்கத் தொடங்கி, வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனி வாக்கிலும் புரட்டாசி ஐப்பசியிலும், பழம் உதிர்க்கும். ஒரு கிலோவில் ஏறக்குறைய 6000 விதை இருக்கும். அதைக் காவல் காக்க எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை. குயிலை நிறுத்திச் சோதனை போட யாரால் முடியும்?

விதையை வாங்கிப் போட்டால் மரம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப் போய்க் கவ்விக்கொண்டு சத்தை உறிஞ்சும். 1871லேயே ஜான் ஸ்காட் என்பவர் இதைக் கண்டு எழுதினார். பின்னர் சென்னை மாகாணத்தில் தாவரவியல் அறிஞராக இருந்த பார்பர் அந்த வேர்களை விரிவாக ஆராய்ந்தார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே பார்பர்தான். துணைச்செடி இல்லாமல் தனியாக வைத்த கன்று சில மாதம் பச்சையாக நின்று, பிறகு மஞ்சளடித்துப் போகும். அதனால்தான் நர்சரியில் ஒவ்வொரு பாலித்தீன் பையிலும் சந்தனக் கன்றோடு ஒரு துவரைச் செடியும் சேர்த்து வைத்திருப்பார்கள். தெரியாதவர்கள் களை என்று நினைத்து அந்தத் துவரையைக் கிள்ளி எறிவதை நான் பார்த்திருக்கிறேன்.

விதைக்கும் ஒரு பக்குவம் உண்டு. பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துச் சதையை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். பறித்த புதிதில் இரண்டு மாதம் அது உறங்கும், விதைத்தாலும் முளைக்காது. ஓரிரவு ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து அந்த உறக்கத்தைக் கலைப்பார்கள். அதையும் மீறி வைத்திருந்தால் ஒன்பது மாதத்துக்கு மேல் முளைப்புத்திறன் போய்விடும். ஆக, சந்தன விதை வியாபாரம் என்பது அவசர வியாபாரம். புளியங்கொட்டை மாதிரி மூட்டை கட்டிப் பரணில் போட முடியாது.

காட்டில் விதைக்க இத்தனை பக்குவம் பார்த்ததில்லை. வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டது: ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான மூங்கில் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதன் ஒரு முனை கூராகச் சீவப்பட்டிருக்கும். முள்புதருக்குள் கையை விடாமல் குழாயை மட்டும் விட்டு மண்ணைக் கீறி, மேல்முனை வழியாக நாலைந்து விதையைப் போட்டு உருட்டி விடுவார்கள். புதர்தான் வேலி, புதரின் வேர்தான் சந்தனத்துக்குச் சாப்பாடு, ஆடு மாடும் உள்ளே வாய் வைக்காது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு மலிவான வனவளர்ப்பு முறை வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் காடு குறைந்துகொண்டே வந்தது. ஒரு காரணம் நோய். 1899ல் குடகில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட ஸ்பைக் நோய், நம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளையும் விடவில்லை. இலை சிறுத்து, முள்போல விறைத்து, இரண்டு மூன்று வருஷத்தில் மரம் செத்துப்போகும். அது நுண்ணுயிரியால் வருவது என்று 1969ல்தான் தெரிந்தது, அதாவது எழுபது வருஷம் கழித்து. நோய் பிடித்த மரம் காய்க்காது. ஆகவே காடு மரத்தை இழந்ததோடு அடுத்த தலைமுறைக்கான விதையையும் இழந்தது. இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்: திருட்டு. முதல் உலகப் போர் வரை மைசூர்க் கட்டை ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாகியது. போரில் அந்த வழி அடைபட்டதும் 1916ல் பெங்களூரிலும் அடுத்த வருஷம் மைசூரிலும் எண்ணெய் ஆலை தொடங்கினார்கள், அதிலிருந்து சோப்பும் வந்தது. கட்டைக்குத் தேவை ஏற ஏற, காட்டில் அதைத் தேடி நுழைகிறவர்களும் பெருகினார்கள். 1950கள் வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 4000 டன் வைரக்கட்டை தந்த நாடு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு டன்னுக்கு வந்து நின்றது.

இப்போது தைல மரத்துக்கு வருகிறேன். ஓசூரில் அதை நீலகிரி மரம் என்றுதான் சொல்வோம், கன்னடத்து வழக்கம். சந்தனத்தைப் பூட்டி வைத்த அதே திப்பு, 1790 வாக்கில் நந்திமலைத் தோட்டத்தில் யூகலிப்டஸ் விதைகளை வரவழைத்து நட்டதாகச் சொல்வார்கள். அந்த மலையில் நின்ற மரங்களின் விதைதான் பிற்பாடு 'மைசூர் கம்' என்ற பெயரில் இந்தியா முழுக்கப் போனது. நம்மூரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில்தான் நந்தி இருக்கிறது. யூகலிப்டஸ் விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிலோவில் பல லட்சம். ஒரு சின்னப் பொட்டலத்தைத் தபாலில் அனுப்பினாலே ஒரு தாலுகாவுக்குப் போதும். சந்தன விதை ஒரு கிலோவுக்கு ஆறாயிரம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1980களில் சமூகக் காடு வளர்ப்பு வந்தபோது கோலார், ஆனேக்கல், மாலூர், ஓசூர் எல்லாம் ராகி விளைந்த மேட்டு நிலத்தில் தைல மரம் ஏறியது. சிப்காட் வந்து, ஊர்ப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போய், ராகிக்குக் களை எடுக்க ஆள் கிடைக்காத காலம். தைல மரத்துக்கு ஆள் வேண்டாம், மாடு வாய் வைக்காது, ஏழெட்டு வருஷத்தில் ஒருமுறை லாரி வரும், கையில் பணம் வரும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கோலாரில் அன்று அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ராகி போய்விட்டதே, கிணறு வற்றுகிறதே என்றார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் நட்டது தனக்கு என்று வெட்டக்கூடிய மரத்தை. கடைசியில் 2017ல் கர்நாடக அரசு யூகலிப்டஸ் நடவுக்கே தடை போட்டது, அது தனிக் கதை.

இந்தக் காலத்தில்தான் சந்தன விதை எதிர்த்திசையில் கடல் தாண்டியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் ஆர்டு என்று ஓர் ஆறு. 1972ல் அதன் குறுக்கே கட்டிய பெரிய அணையைத் திறந்தார்கள். தண்ணீர் இருந்தது, நிலம் இருந்தது, அங்கே எதை வளர்ப்பது என்பதற்குத்தான் சரியான விடை கிடைக்கவில்லை. பருத்தி, நெல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சந்தன வியாபாரம் புதிதல்ல, அங்கே தானாக விளையும் வேறொரு சந்தன இனத்தை 1840களிலிருந்தே சீனாவுக்கு ஏற்றுமதி செய்தவர்கள். ஆனால் எண்ணெயின் தரத்தில் அது நம் மரத்துக்கு ஈடில்லை. ஆகவே 1980களில், குனுனுரா என்ற ஊரில், இந்திய விதையைப் போட்டுச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். எந்தத் துணைச்செடியோடு வைத்தால் நன்றாக வளர்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், எந்த வயதில் வைரம் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் குறித்தார்கள். 1999ல் வணிகத் தோட்டம் தொடங்கியது. டிராபிகல் ஃபாரஸ்ட்ரி சர்வீசஸ் என்ற கம்பெனி, பிறகு க்வின்டிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 12,000 ஹெக்டேருக்கு மேல் நட்டது. 50 லட்சம் மரத்துக்கு மேல் என்று கணக்கு. உலகிலேயே பெரிய இந்தியச் சந்தனத் தோட்டம் இந்தியாவில் இல்லை.

அவர்களுக்கும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. 2018 தொடக்கத்தில் க்வின்டிஸ் கடனில் விழுந்து நிர்வாகிகளின் கைக்குப் போனது. மரம் மணத்தாலும் பங்கு வாங்கியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு சிக்கல் விதையிலேயே இருந்தது. அங்குள்ள மரங்களின் மரபணுவைப் பிற்காலத்தில் சோதித்தபோது வகைமை மிகக் குறைவு என்று கண்டார்கள். கொஞ்சம் தாய்மரங்களின் விதையைக் கொண்டு பெரிய காட்டை எழுப்பினால் இதுதான் நடக்கும். நந்திமலை மரங்களின் விதையை ஊரெங்கும் கொண்டு போன நமக்கும் இதே பாடம் கிடைத்தது. நம் வனத்துறையினர் பிற்பாடு ஆஸ்திரேலியாவின் மர விதை மையத்திலிருந்து குயின்ஸ்லாந்து ஆற்றங்கரைகளின் புது விதையை வரவழைத்துப் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் உடனே 'நம் விதையைத் திருடிவிட்டார்கள்' என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் மர விதை என்பது உலகத்துக்கே பொதுச்சொத்து என்ற எண்ணம்தான் இருந்தது. நம் தேக்கு விதை எங்கெல்லாம் போயிற்று! ஊட்டியில் 1843ல் நட்ட யூகலிப்டஸ் எந்த நாட்டு மரம்? அதற்கு நாம் யாருக்குப் பணம் கட்டினோம்? 1992ல் ரியோ மாநாட்டுக்குப் பிறகுதான் ஒரு நாட்டு உயிர்வளம் அந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற கணக்கு வந்தது. 2002ல் நாமும் சட்டம் போட்டோம், அதற்கான ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஏற்றுமதிக் கொள்கையிலும் சந்தன விதை கட்டுப்படுத்தப்பட்ட பொருள், உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது. அதற்குள் குனுனுராவில் முதல் மரங்கள் காய்க்கவே தொடங்கிவிட்டன. அவர்களுக்கு இனி நம் விதை தேவையில்லை.

எனக்கு வருத்தம் விதை போனதில் இல்லை. அதே விதை நம் வேலியிலும் இலவசமாக விழுந்துகொண்டிருந்தது. அதை முளைக்க விட யாருக்கும் துணிவில்லை. அவர்கள் ஊர் மரம் நம் ராகிக் கொல்லையிலும், நம் ஊர் மரம் அவர்கள் பாசன வயலிலும் நின்றதற்கு மண்ணோ மழையோ காரணமில்லை. வெட்டுகிற உரிமை யாரிடம் என்பதுதான் காரணம்.

அந்தப் பூட்டு வேறொரு விலையும் வாங்கியது. நம் பழைய தர்மபுரி மாவட்டத்திலேயே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளை நாசம் செய்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011ல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீரப்பன் 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே சுடப்பட்டதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாச்சாத்தியைப் பற்றி நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கர்நாடகம் 2001லும் தமிழ்நாடு 2002லும் சட்டத்தைத் திருத்தின. தன் நிலத்தில் நிற்கும் சந்தனம் நிலத்துக்காரனுடையது என்று இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. கிராமக் கணக்கில் மரத்தைப் பதிந்துகொள்ள வேண்டும், முதிர்ந்ததும் வனத்துறை மூலமாகத்தான் வெட்டி, திருப்பத்தூர் மாதிரிக் கிடங்குக்குப் போய் விற்க வேண்டும். திருட்டுப் பயம் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் இப்போது தளி ரோட்டில், பாகலூர் பக்கத்தில், துவரையோடு சேர்த்து நட்ட சந்தனத்தை வரிசை வரிசையாகப் பார்க்க முடிகிறது. தைல மரத்தின் அடிக்கட்டையைப் பெயர்த்துவிட்டு வைத்தவர்களும் உண்டு. நாயனா பார்த்தால் நம்பியிருக்க மாட்டார்.

இப்போது விதைக்குத்தான் அடிபிடி. மரம் வைக்க ஆசைப்படும் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த மரத்து விதை என்று கேட்காமல் வாங்காதீர்கள். வேலியோரத்து இளங்கன்று காய்த்த பழத்தையும் பொறுக்கிக் கழுவி 'மறையூர் விதை' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்து மறையூர்க் காட்டுக்கு அத்தனை மவுசு. நம் ஜவ்வாது மலைக்கும் சித்தேரிக்கும் விதைக்காகவே நல்ல பெயர் உண்டு. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த மரங்களைக் கொண்டு ஹொஸ்கோட்டே தாலுகா கொட்டிப்புராவில் விதைத் தோட்டமே வைத்திருக்கிறார்கள். ஓசூரிலிருந்து மாலூர் வழியாகப் போகலாம். போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள், பங்குனிப் பழம் முடிந்துவிட்டால் அடுத்தது புரட்டாசியில்தான்.